கடலுக்குப் போகிற நாளில் இன்சுலினை விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 49. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுத் தொழில். பத்து வருடமாகச் சுகர். இப்போது காலையும் இரவும் 30/70 இன்சுலின் ஊசி. போன மாதம் வலை இழுக்கும்போது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டாராம். அதிலிருந்து கடலுக்குப் போகும் நாளில் ஊசியே போடுவதில்லை. திரும்பி வந்ததும் பார்த்தால் சுகர் 380. மருந்தைப் படகில் எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, ஊசியை அடியோடு விடக் கூடாது. ஆனால் அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. கரையில் மயங்கினால் தூக்கிக்கொண்டு ஓட நான்கு பேர் இருப்பார்கள். நடுக்கடலில் அப்படி இல்லை. அவருக்குத் தேவை இரண்டு அளவுகள்: கரையில் இருக்கும் நாளுக்கு ஒன்று, கடல் நாளுக்கு ஒன்று. இதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

அன்று என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். விடிகாலையில் வீட்டில் ஊசி போட்டிருப்பார். இந்த ஊசி போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். அவரோ டோக்கன் வாங்கி, ஐஸும் டீசலும் ஏற்றி, படகு கிளம்பிச் சோறு வேகும்வரை டீயோடு இருந்திருப்பார். இதில் 30 என்பது வேகமாக வேலை செய்யும் பகுதி. 70 என்பது மெதுவாக ஏறி, நான்கு முதல் பத்து மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும் பகுதி. சரியாக வலை இழுக்கும் நேரம்! கடுமையாக உழைக்கும் தசை தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் சுகர் சரசரவென்று இறங்கிவிடும். வேலை முடிந்த பிறகும், அன்று இரவிலும்கூட இறங்கலாம்.

ஆகவே சாப்பாடு கையில் வந்த பிறகே ஊசி; வீட்டிலேயே இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது. வலை இழுக்கும் கையில் போடாமல் வயிற்றில் போடச் சொல்லுங்கள். படகேறும் முன் விரலில் குத்திப் பார்த்து 100-க்குக் கீழே இருந்தால், கூடுதலாகச் சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும். எத்தனை யூனிட் குறைப்பது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கடல் நாள், கரை நாள் என்று பிரித்து ஒரு வாரத்து அளவுகளை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியோடு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் சாப்பிடுகிறாரா என்பதைச் சொல்லுங்கள்; அதுவும் சுகரை இறக்கும். கிரியேட்டினின் பரிசோதனையையும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும். பழைய அளவே அதிகமாகிவிடும்.

இனி, படகில் மறுபடி அப்படி வந்தால். வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத கோபம் எல்லாமே அறிகுறிகள்தான். மீட்டர் இருந்து 70-க்குக் கீழே காட்டினால் சந்தேகமே இல்லை. மீட்டர் இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். உடனே வலைக்குத் திரும்பக் கூடாது. நம் பக்கத்தில் கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகவே ஏற்றும், அவசரத்துக்கு ஒரு துண்டு கடித்தாலும் உதவும்.

கூட வரும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக் குழறித் தள்ளாடுபவரைப் போதை என்று நினைத்துப் படுக்க விட்டுவிட்டால் அவ்வளவுதான். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, படகைக் கரைக்குத் திருப்பி, கடலோரக் காவல்படையை 1554-இல் அழையுங்கள். துறைமுகத்தில் 108 வந்து நிற்கட்டும். வெறும் வயிற்றில் மது குடித்தால் பல மணி நேரம் கழித்தும் சுகர் இறங்கும். இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருந்தை மீன் ஐஸில் புதைத்து வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பிப் போட முடியாது. எஞ்சின் சூடும் வெயிலும் அதே அளவுக்குக் கெடுதல். வாய் அகன்ற பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, மருந்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடினால் ஒருநாள் தொழிலுக்குப் போதும். பயன்பாட்டில் உள்ள குப்பியை, 30 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வைத்தால் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். போடும் முன் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். பால் போலக் கலங்காமல் கட்டி கட்டியாக நின்றாலோ, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாலோ தூர எறிந்துவிடுங்கள்.

பத்து வருடச் சுகரில் பாதம் மரத்திருக்கலாம். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடல்தண்ணீர் பட்ட புண்ணில் சிவப்பு பரவினாலோ கொப்புளம் வந்தாலோ, அதை விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது.

மீன்பிடித் தடைக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் உழைப்பு குறையும், சுகர் ஏறும். மருத்துவர் யூனிட்டைக் கூட்டியிருக்கலாம். கூட்டிய அளவோடே ஜூன் 15 அன்று படகேறினால் போன மாதம் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, கடல் நாள் அளவை எழுதி வாங்கிவிடுங்கள்.