பதில்: லாக்-பைனாமியல் மாடல் பாதியில் நின்றுவிடுகிறது

பயிற்சித் தரவில் ஒரு குழுவில் 40% பேருக்கும் மற்றதில் 20% பேருக்கும் நோய். வயதைச் சேர்த்ததும் லாக்-பைனாமியல் (ரிஸ்க் ரேஷியோவை, அதாவது இரு குழுக்களின் நோய் விகிதங்களின் ஒப்பை, நேரடியாகத் தரும் மாடல்) பிழை காட்டுகிறது, லாஜிஸ்டிக் மாடலில் வந்த ஆட்ஸ் ரேஷியோவையே (நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களிடையே ஒப்பிடும் எண்) எழுதிவிடலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வயது சேர்க்காத கணக்கிலேயே ரிஸ்க் ரேஷியோ 2, ஆட்ஸ் ரேஷியோ 2.67. நோய் அரிதாக இருந்தால்தான் இரண்டும் நெருங்கி வரும்.

மாடல் நிற்பதற்கு வழக்கமான காரணம், லாக் இணைப்பில் (நிகழ்தகவின் லாகரிதத்தை மாறிகளோடு இணைப்பதில்) சிலருடைய நிகழ்தகவு 1-ஐத் தாண்டப் பார்ப்பது. பெரும்பாலும் வயதின் ஏதாவது ஒரு முனையில் முட்டும். அதே மாறிகளோடு பாய்சான் ரிக்ரஷன் (எண்ணிக்கைகளுக்கான மாடல், இங்கே ரிஸ்க் ரேஷியோவையே தரும்) ஓட்டி, ரோபஸ்ட் வேரியன்ஸ் (மாடலின் மாறுபாட்டு அனுமானம் பிசகினாலும் தாங்கும் கணக்கு) கேளுங்கள். ஆர் மென்பொருளில் சாண்ட்விச் பேக்கேஜ் போதும். ரோபஸ்ட்டை மறந்தால் ரேஷியோ மாறாது, ஆனால் நம்பக இடைவெளி தேவைக்கு மேல் அகலும்: ஆம்-இல்லை விளைவின் மாறுபாட்டைப் பாய்சான் கூட்டிக் காட்டும். ஒரே வீட்டில் பலர் இருந்தால் வீட்டு எண்ணைக் கிளஸ்டராக (ஒன்றோடொன்று தொடர்புள்ளவர்களின் குழுவாக) கொடுங்கள்.

முக்கியமாக, விளைவு 0/1 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை 1, ஆம் 2 என்றிருந்தால் லாஜிஸ்டிக் முரண்டு பிடிக்கும். பாய்சானோ சத்தமில்லாமல் ஓடி, 2-க்குப் பதில் 1.17 என்று தரும். வயதில்லாமல் ஒருமுறை ஓட்டி 2 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.