அப்பா படித்த கல்லூரி

கேள்வி: அமெரிக்காவில் திறமைக்குத்தான் இடம், சிபாரிசெல்லாம் செல்லாது என்கிறார் லீவில் வந்திருக்கும் என் மைத்துனர். அப்பா படித்த கல்லூரியில் பிள்ளைக்குச் சலுகை உண்டு என்று எங்கோ படித்தேன். யார் சொல்வது சரி?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள்தான். ஆனால் மைத்துனர் ஊர் திரும்பும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்துக் கிடக்கும் வேலை அங்கே இல்லை. அப்பா, அம்மா எங்கே படித்தார்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். 'லெகஸி' என்று அதற்குக் கௌரவமான பெயர். ஹார்வர்டு மீதான வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, பழைய மாணவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் 6 பேருக்கு. படித்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் படிக்கும்தானே என்பார்கள். சரி, படிக்கட்டும். அப்படியானால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் எதற்கு?

1935-ல் 17 வயதுப் பையன் ஒருவன், ஹார்வர்டில் ஏன் சேர வேண்டும் என்பதற்கு ஐந்தே வாக்கியம் எழுதினான். அப்பா படித்த கல்லூரியில் படிக்க ஆசை என்பது அதில் ஒன்று. ஏறக்குறைய அதே பாட்டைப் பிரின்ஸ்டனுக்கும் பாடி அனுப்பினான். இரண்டிலும் இடம்! பையன் பெயர் ஜான் எஃப். கென்னடி.

இந்த வழக்கம் பிறந்த கதை இன்னும் மோசம். 1920-களில் நுழைவுத்தேர்வில் தேறி யூத மாணவர்கள் நிறைய வர ஆரம்பித்தார்கள். மதிப்பெண்ணை வைத்து அவர்களைத் தடுக்க முடியாது. அப்புறம்தான் பெரிய கல்லூரிகளுக்குக் 'குணநலன்', 'குடும்பப் பின்னணி' எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

மேலே சொன்ன ஹார்வர்டு வழக்கில்தான், மாணவர் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவருக்கு இருந்த கைத்தாங்கல் போனது. அப்பாவின் பட்டத்துக்கு இருந்த மரியாதை செல்லுமா என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை, தப்பித்துக்கொண்டது.

எல்லோரும் அப்படி இல்லை. எம்.ஐ.டி. இதைப் பார்ப்பதே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் விட்டுவிட்டது. கலிபோர்னியா மாநிலம், மாநில அரசின் உதவித்தொகையை வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்யக் கூடாது என்று சட்டமே போட்டது. 2025 செப்டம்பரில் அது அமலுக்கு வரவிருந்த வேளையில் ஸ்டான்ஃபோர்டு என்ன செய்தது தெரியுமா? வசதியற்ற மாணவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகையே வேண்டாம், அதை எங்கள் கையிலிருந்து கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, லெகஸியை வைத்துக்கொண்டது.