இருபது இழுப்பறைப் பெட்டி: ஈட்டியா, சில்வர் ஓக்கா?

கேள்வி: என் பாட்டி வீட்டில், நாட்டு மருந்துக் கடையில் இருப்பதுபோல் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் தனித்தனி அறையில் கிடக்கும். அதேபோல் இரண்டடி அகலம், இரண்டடி உயரம், ஓரடி ஆழத்தில் 20 அறைகளோடு ஒன்று செய்ய ஆசை. ஓர் ஆசாரி, "ஈட்டி மரம், அதான் ரோஸ்வுட், கைவசம் இருக்கு, பாதிப் பணம் முன்னால கொடுங்க" என்கிறார். இன்னொருவர் சில்வர் ஓக்கில் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?
வாசகி, கோத்தகிரி

பதில்: மரத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஓர் இழுப்பறைக்கு முகப்பு, இரண்டு பக்கம், பின்பலகை, அடிப்பலகை என்று ஐந்து துண்டுகள். இருபதுக்கு நூறு. நூறையும் அளந்து, அறுத்து, இழைத்து, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். மரமோ, சேதாரம் சேர்த்தாலும் மூன்று கன அடிக்குள் முடிந்துவிடும். ஆக, நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் கைவேலைக்குத்தான். பாதி விலை என்றால் மரத்தில் மட்டும் அவ்வளவு குறையாது. வேலையிலும் எங்கோ குறைகிறது. எங்கே என்று கேளுங்கள். மூலைகளை உளியால் வெட்டிக் கோத்துத் தருவாரா, ஆணி அடித்துப் பசை தடவித் தருவாரா?

ஈட்டி அழகுதான். ஆனால் பட்டா நிலத்து ஈட்டியைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாதபடி 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. "கைவசம் இருக்கு" என்றால், எங்கே வாங்கியது, ரசீது எங்கே என்று கேளுங்கள். பழைய வீட்டைப் பிரித்த மரம் என்றால் அதற்கும் ஏதாவது காகிதம் இருக்க வேண்டும். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றி ஈட்டி என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. இழுப்பறையின் அடிப்பக்கத்தை உளியால் லேசாகச் சுரண்டினால் நிறம் சாயமா, மரத்துடையதா என்று தெரிந்துவிடும்.

சில்வர் ஓக் மோசமில்லை. நம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே மரம்தான். ஆனால் போன மாதம் வெட்டி இந்த மாதம் அறுத்த பலகை வேண்டாம். ஓர் அங்குலப் பலகை காற்றில் உலர ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஆசாரியிடம் மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஒதுக்கிவிடலாம். ஈரமானி இல்லையென்றால் ஒரு துண்டை வாங்கி மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, வீட்டுக்குள் வைத்து, பத்து நாள் கழித்து மறுபடி நிறுங்கள். எடை இறங்கியிருந்தால் மரம் இன்னும் காயவில்லை. நானாக இருந்தால் வெளிக்கூட்டுக்கும் முகப்புக்கும் காய்ந்த தேக்கு, உள்ளே பக்கப் பலகைகளுக்குச் சில்வர் ஓக், அடிக்கு மட்டும் மெல்லிய பிளைவுட் என்று சொல்வேன். தைல மரப் பலகை முறுக்கும், பிளக்கும். அது விறகுக்குச் சரி.

இதையெல்லாம் பட்டுத்தான் சொல்கிறேன். குன்னூரில் எனக்கொரு பெட்டி மார்ச் மாதம் செய்தார்கள். காகிதம்கூட நுழையாத நெருக்கம்! பெருமையாக எல்லோருக்கும் திறந்து திறந்து காட்டினேன். நவம்பர் மழையில் பன்னிரண்டில் ஒன்பது அறைகள் திறக்கவில்லை. ஆசாரி வந்து இழைத்துக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் எல்லாம் கடகடவென்று ஆடின. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் மழையில் உப்பும். அதனால் இழுப்பறையின் உயரம்தான் கூடும். நாலங்குல உயரத்துக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். கோடையில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், இருக்கட்டும். ஓடும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டும். அறைக்குள்ளே வார்னிஷும் வேண்டாம், சுக்கிலும் திப்பிலியிலும் அந்த வாடை ஏறிவிடும்.

பணத்துக்கு வருவோம். பாதி முன்பணம் அதிகம். மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். எந்தப் பகுதிக்கு எந்த மரம், பலகை எத்தனை கனம், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதலில் ஒரே ஓர் இழுப்பறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அது பிடித்தால் மற்ற பத்தொன்பது. கடைசித் தொகையில் கொஞ்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல ஆசாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: ஆன்லைனில் "முழு மரம்" என்று போட்டிருந்த 9 இழுப்பறைப் பெட்டியை வாங்கினேன். மழையில் முகப்பு ஓரங்கள் உப்பிவிட்டன. "மரம் அப்படித்தான் இருக்கும் சார்" என்கிறார்கள்.
வாசகர், கொடைக்கானல்

பதில்: உப்பிய இடத்தில் மரத்தின் ரேகை தெரிகிறதா, பஞ்சு மாதிரிப் பொரிந்திருக்கிறதா பாருங்கள். பொரிந்திருந்தால் அது எம்.டி.எஃப் போல, மரநாரையோ மரத்தூளையோ பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அப்போது பிரச்சினை மழையில்லை, விளம்பரம். அந்த விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரேகை தெரிந்தால் நிஜ மரம்தான், பிப்ரவரி வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் யாரையும் இழைக்க விடாதீர்கள்.