கழுவுவதற்கு முன்னால் முனைகளைப் பாருங்கள்: முத்திரை இல்லாத பழைய தீட்டுக்கல்

பெயரோ முத்திரையோ இல்லாத பழைய தீட்டுக்கல் கிடைத்திருக்கிறது, அது என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கல்லும் பல வருட எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே கழுவிவிடாதீர்கள். முதலில் பக்கவாட்டையும் இரண்டு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

என் தாத்தா தச்சு வேலை செய்தவர். அவர் போன பிறகு இழைப்புளி, உளி எல்லாம் பழைய இரும்பு எடைக்குப் போய்விட்டன. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனாலும் இன்றுவரை ஆறவில்லை. அவர் கை பட்டுப் பட்டே பிடி வழவழப்பான உளிகள் அவை! இரும்பு இல்லை என்பதால் மிஞ்சியது இந்தக் கல் ஒன்றுதான்.

தார் பூசியதுபோல் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஒரு முனையில் அழுக்குக்கு அடியிலிருந்து மஞ்சளாகக் காகிதம் கிளம்பியது. ஏதோ இரண்டு எழுத்துகளின் அடிப்பாகம் தெரிந்தது. கையை எடுப்பதற்குள் கூழாகிவிட்டது. அந்தக் காலத்துக் கற்கள் பலவற்றில் பெயர் இப்படிக் காகிதச் சீட்டாகத்தான் இருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய கருவிகள் விற்கும் ஒருவரிடம் காட்டினேன். விளிம்பு இவ்வளவு நேராக இருக்கிறதே, இது செயற்கைக் கல்தான் என்று கையில்கூட வாங்காமல் சொல்லிவிட்டார். அது சரியான காரணமே இல்லை. மலையில் வெட்டிய கல்லையும் ரம்பம் போட்டு அறுத்துத்தானே விற்றார்கள்?

செயற்கைக் கல் என்றால் பூதக்கண்ணாடியில் ஒரே அளவு மணிகள் நெருக்கமாக ஒட்டியிருப்பது தெரியும். கறுப்பாக மினுக்கினால் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. 1891-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் அச்சிசன் உருவாக்கிய செயற்கைப் பொருள் அது. பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம் என்றால் அலுமினியம் ஆக்சைடாக இருக்கலாம். இரண்டு நிறம் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துச் செயற்கை என்று முடிவுகட்டாதீர்கள். பெல்ஜியத்தின் மஞ்சள் கோட்டிகுல் கல்லுக்கும் அடியில் கருநீலப் பலகைக்கல் இருக்கும்.

என் கல்லில் மணியே தெரியவில்லை. உடைந்த மூலை சிப்பியின் உட்புறம்போல வளைந்து வழவழப்பாக இருந்தது. ஆணியால் கீறினால் கல்லில் கோடு விழவில்லை, ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டியது. இருட்டில் டார்ச்சை விளிம்பில் அழுத்திப் பிடித்தபோது ஓரம் மங்கலாக ஒளிர்ந்தது. காய்ந்த எடை 416 கிராம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எடையைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக விட்டேன். தராசு 160 காட்டியது, அது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 416-ஐ 160-ஆல் வகுத்தால் 2.6, அதாவது கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.6 மடங்கு. இத்தனையும் சேர்ந்ததால்தான் இது அமெரிக்காவின் ஆர்கன்சா மலைகளில் வெட்டப்படும் நோவாகுலைட் என்ற இயற்கைத் தீட்டுக்கல், அதிலும் கடின வகை என்று சொல்கிறேன். மென்மையான வகையில் நுண்துளைகள் அதிகம், அடர்த்தி குறைவாக வரும்.

அடர்த்தியை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்று யாராவது வருவார்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை. செயற்கைக் கல்லிலும் துளைகள் உண்டு, அதில் எண்ணெய் நிறைந்திருந்தால் கணக்கு மாறும். எந்தச் சுரங்கம், எந்த நிறுவனம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடிய காகிதம் போய்விட்டது. ஆனால் படத்தைப் பார்த்தே பெயர் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே கல் நனைந்தால் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம்.

நடுவில் குழி இருந்தால், என்ன கல் என்று தெரியும்வரை சமன்படுத்த வேண்டாம். பிறகு செய்தாலும் தண்ணீர் விட்டே தேயுங்கள். நோவாகுலைட் ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் அடிப்பக்கத்தை மட்டும் சமன்படுத்தி அதில் தீட்டுகிறேன். தாத்தா தேய்த்த பக்கம் குழியோடு அப்படியே இருக்கிறது.