வாசகர் கேள்வி: மராவி நகர மீட்பு

கேள்வி: பிலிப்பைன்ஸின் மராவி சுமார் 2 லட்சம் பேர் வாழ்ந்த ஊர்தான். 2017-இல் அதைத் தீவிரவாதிகளிடமிருந்து மீட்க 5 மாதம் ஆனது ஏன்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: மே 23 அன்று ராணுவம் போனது ஊரைப் பிடிக்க அல்ல, ஐ.எஸ். அமைப்பை ஆதரித்த தீவிரவாதத் தலைவர் இஸ்னிலோன் ஹாபிலோன் என்ற ஒருவரைப் பிடிக்க. உள்ளே அவரோடு கைகோத்திருந்த உள்ளூர்த் தீவிரவாதக் குழுவான மௌத்தே குழுவின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஆயுதத்தோடு இருந்தார்கள். உளவுத்தகவல் கோட்டை விட்டது அங்கேதான்.

அடுத்த தலைவலி வீடுகள். இந்த ஊரின் மக்களான மரானாவோ இனத்தவரின் குலங்களுக்குள் 'ரிடோ' எனப்படும் பழிக்குப் பழி சண்டை தலைமுறை தலைமுறையாக உண்டு. அதற்குப் பயந்தே வசதியுள்ளவர்கள் தடித்த கான்கிரீட் சுவரும் நிலவறையும் வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பகைக்குக் கட்டியது, ராணுவத்துக்கு எதிரான பதுங்குகுழி ஆகிவிட்டது. போதாததற்கு, தீவிரவாதிகள் பதுங்கியிருந்த கடைத்தெருவுக்குப் போக ஆகுஸ் ஆற்றின் 3 பாலங்களைத் தாண்ட வேண்டும். மாபாண்டி பாலத்தை ஒட்டிய பகுதியில் ஜூன் 9 அன்று மட்டும் 13 மரைன் வீரர்கள் இறந்தார்கள்.

கேள்வி: ஒரு வீட்டை எப்படித்தான் பிடிப்பார்கள்?

பதில்: வாசல் வழியாகப் போவது தற்கொலை. துப்பாக்கி அங்கேதான் குறி வைத்திருக்கும், கண்ணியும் அங்கேதான் இருக்கும். எதிர்ப்புறமிருந்து ஓர் அணி ஜன்னல்களை நோக்கிச் சுட்டு, உள்ளே இருப்பவன் தலை தூக்காமல் பார்த்துக்கொள்ளும். இன்னோர் அணி பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து இந்த வீட்டின் சுவரை வெடி வைத்தோ சம்மட்டியாலோ உடைத்து, ஆள் குனிந்து நுழையும் அளவு ஓட்டை போடும். பிறகு அறை அறையாகத் தேட வேண்டும். பிணைக்கைதிகள் இருக்கலாம் என்பதால் கையெறி குண்டை உருட்டிவிட்டுப் போகவும் முடியாது.

பிடித்தபின் நடப்பதுதான் சிக்கல். காவல் போடாத வீட்டுக்கு, அதே ஓட்டை வழியாக எதிரி ராத்திரியே திரும்பிவிடுவான். வீட்டுக்கு நாலு பேரை நிறுத்தினால் பத்து வீட்டில் 40 பேர் போச்சு. முன்னேற ஆள் ஏது?

கேள்வி: கவச வண்டிகளில் மரப்பலகை கட்டியிருந்த படம் பார்த்தேன். பலகை ஆர்பிஜியைத் தடுக்குமா?

பதில்: ஆர்பிஜி என்பது தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டு. அது மோதியதும் முனையிலிருந்து மெல்லிய உலோகத் தாரை பீய்ச்சி இரும்பைத் துளைக்கும். பலகையில் பட்டு முன்னதாகவே வெடித்தால் தாரை சிதறும் என்பது கணக்கு. ஆனால் சில அங்குல இடைவெளி அதற்குப் போதாது. இரும்புக் கூண்டு கிடைக்காதபோது கைக்கு எட்டியதைக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: விமானத்தால் குண்டு போட்டே முடித்திருக்கலாமே?

பதில்: போட்டார்களே! மே 31 அன்று ஒரு விமானத்தின் குண்டு குறி தவறி, சொந்த வீரர்களே சுமார் 10 பேர் இறந்தார்கள். இரு தரப்பும் ஒரே தெருவில் இருக்கும்போது வழிகாட்டி இல்லாத குண்டு ஆபத்து. உள்ளே புகுந்த பிறகே வெடிக்க வைக்கும் தாமதத் திரி இல்லாவிட்டால் மாடியிலேயே வெடித்துவிடும். நிலவறைக்காரனுக்கு ஒன்றும் ஆகாது. இடிந்த வீடோ, மறைந்து சுட இன்னும் வசதி.

அக்டோபர் 16-இல் ஹாபிலோனும் மௌத்தே குழுவின் தலைவர் ஓமர் மௌத்தேயும் கொல்லப்பட்டார்கள். 23-இல் சண்டை முடிந்ததாக அறிவிப்பு வந்தது. இடிபாடுகளுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடந்ததால் மையப் பகுதிக்காரர்கள் பல ஆண்டுகள் வீடு திரும்ப முடியவில்லை. இழப்பீட்டுச் சட்டம் வந்ததே 2022-இல்தான்.