ரெசின் மேசைக்குப் பலகை: காய்ந்ததா, காய்ந்தது மாதிரியா?

கேள்வி: இரு பலகைக்கு நடுவில் நீல ரெசின் (ஊற்றினால் இறுகும் எபாக்சி திரவம்) ஓடும் 5 அடி மேசை செய்ய ஆசை. ஆரியங்காவு பக்கம் 2 அங்குலப் பலாப் பலகை பார்த்தேன். "ரெண்டு வருஷம் காய்ஞ்சது, தைரியமா ஊத்தலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பலா நல்ல மரம். வருஷக் கணக்கைத்தான் நம்ப வேண்டாம். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் (மெல்லிய கட்டை) வைத்து, நிழலில் காற்றாட அடுக்கியிருந்தால் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது உத்தேசக் கணக்கு. தார்ப்பாய்க்குள் தரையோடு கிடந்தது அதில் சேராது. சாரல் மாதங்களில் காய்ந்த பலகையும் ஈரம் இழுக்கும்.

ஈரமானியை மேற்பரப்பில் குத்தினால் 11 சதவீதம் காட்டும், உள்ளே 18 இருக்கும். முனையில் அரை அடி அறுக்கச் சொல்லி, புது வெட்டின் நடுவில் குத்துங்கள். 12-க்கு மேல் என்றால் வாங்கலாம், உடனே ஊற்றக் கூடாது. கருவி இல்லையா? அறுத்த துண்டிலிருந்து ஒரு வில்லையை எடை போட்டு, சுமார் 100 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 236 கிராம் 200 ஆனால், குறைந்த 36-ஐ 200-ஆல் வகுக்க 18 சதவீதம். ஈர மரத்தில் ஊற்றினால் ஓரம் பால்போல் வெளுக்கும், குமிழி விடும். பிறகு மரம் சுருங்கி ரெசினை விட்டுப் பிரியும்.

மரத்தின் நடுத்தண்டு (மையக் குருத்து) ஓடும் பலகையைத் தள்ளிவிடுங்கள், வெடிக்கும். பட்டையை உளியால் முழுக்க எடுக்க வேண்டும். பட்டையில் ஒட்டிய ரெசின் பட்டையோடு கழன்றுவிடும். கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போதும், வழவழப்பாக்கினால் பிடிப்பு குறையும். தூசி போக்கி, ஓரங்களில் ரெசினை மெல்லியதாக இரண்டு கோட் பூசுங்கள். மரத்துளைக் காற்று அதில் அடங்கும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு குமிழியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: ரெசின் எவ்வளவு வாங்குவது?
– அதே வாசகர்

பதில்: ரெசின் ஓடும் இடத்தின் நீளம் 150 செ.மீ., அகலம் 20, இழைத்தபின் தடிமன் 4.5 என்றால் பெருக்கி 1000-ஆல் வகுக்க 13.5 லிட்டர். சேதாரம் சேர்த்து 15. கிலோவில் விற்றால் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. அகலத்தை 12 செ.மீ. ஆக்கினால் 8 லிட்டர் சொச்சம். என்னைக் கேட்டால் குறுகல்தான் அழகும்கூட. ஆழமாக ஊற்றும் வகையையே கேட்டு வாங்குங்கள். மேல்பூச்சு ரெசினை அத்தனை தடிமனில் ஊற்றினால் சூடேறி மஞ்சளாகும், விரிசலும் விடும்.

பலகை கன அடிக் கணக்கு. ஓரம் வளைந்த பலகையை அகலமான இடத்தில் மட்டும் அளக்க விடாதீர்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். 5 அடி × 15 அங்குலம் × 2 அங்குலம், 144-ஆல் வகுத்தால் 1.04 கன அடி. பில் இல்லாமல் கேரள எல்லை தாண்டி எடுத்து வராதீர்கள். தேக்கு, ஈட்டி என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டையும் முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது. ஆகுமா?
– வாசகர், புனலூர்

பதில்: போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தியது மட்டும். பச்சையாக அறுத்தது சில நாளிலேயே நீலம் பாய்ந்து, பிறகு வண்டு துளைத்து மாவு கொட்டும்.