பெங்களூரிலிருந்து தெற்கே செல்லும் இரவு ரயில்கள்: கேள்வி பதில்

அல்சூர் வாசகர்: ஐயா, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையை விட்டுவிட்டுத் திருப்பத்தூரில் நிற்பது ஏன்?

பெங்களூருப் பாதையும் சேலம் பாதையும் ஜோலார்பேட்டையின் ஒரே முனையில் வந்து சேருகின்றன. பெங்களூரிலிருந்து உள்ளே நுழையும் வண்டியின் முகம் சென்னையை நோக்கியிருக்கும். அதைச் சேலத்துக்குத் திருப்ப எஞ்சினைக் கழற்றி, மறுமுனையில் மாட்டி, பிரேக் சோதனை செய்ய வேண்டும்; அதுவரை ஒரு பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். ஆகவே நிலையத்துக்குள் நுழையாத பைபாஸ் பாதை வழியே நேராகச் சேலம் பக்கம் அனுப்புகிறார்கள்; திருப்பத்தூர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

பொம்மனஹள்ளி வாசகர்: தருமபுரி வழி ரயில் நள்ளிரவில் சிறு நிலையங்களில் வெகுநேரம் நிற்கிறது. எதிர்வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தாமதம் எதற்கு?

ஓசூருக்கும் ஓமலூருக்கும் இடையே ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் நிலையத்தில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். நிற்கவேண்டிய சிக்னலை ஒரு வண்டி சற்றுத் தாண்டிவிட்டாலும் விபத்து நேராதிருக்க, அதற்கப்பால், வண்ண விளக்குச் சிக்னல்களில் பொதுவாக 120 மீட்டர், பாதை காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் எதிர்வண்டி நுழையும் பாயிண்ட் (வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு) இருக்கும் என்பதால், தாண்டிவரும் வண்டியைத் தடுத்து நிறுத்தும் மணல்மேடு போன்ற தனி ஏற்பாடு இல்லாத நிலையத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். லூப் லைனுக்குள், அதாவது நிலையத்தின் பக்கப் பாதைக்குள், திரும்பும் வண்டி வழக்கமான பாயிண்ட்டில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அரை கிலோமீட்டர் நீள வண்டி முழுவதும் அந்த வேகத்தில்தான் ஊர்ந்து உள்ளே வர வேண்டும். கடைசிப் பெட்டியின் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகையையோ சிவப்பு விளக்கையோ பார்த்து, வண்டி முழுமையாக வந்துவிட்டது என்று உறுதிசெய்வதும் நிலையத்தாரின் வேலை. அந்நேரம் காற்று வாங்க இறங்காதீர்கள். பிளாட்பாரம் இல்லாத பக்கம் இறங்கவே இறங்காதீர்கள்.

மடிவாளா வாசகர்: வெயிட்டிங் லிஸ்ட் 42 கன்ஃபர்ம் ஆகுமா?

டிக்கெட் என் துறையன்று.

கே.ஆர். புரம் வாசகர்: எல்லா ரயில்களையும் சிட்டி நிலையத்திலிருந்தே விடலாமே?

நிலையத்தைச் சுற்றி நகரம் நெருக்கிவிட்டது. புறப்படும் வண்டிக்குப் பிளாட்பாரம் மட்டும் போதாது. கழுவவும் சோதிக்கவும் பிட் லைன், அதாவது அடியில் இறங்கிப் பார்க்கக் குழி உள்ள பாதை, வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட பையப்பனஹள்ளி முனையத்தில் 7 பிளாட்பாரங்களுடன் 3 பிட் லைன்களும் அமைந்தது அதனால்தான்.

ஓசூர் சாலை வாசகர்: சேலத்துக்குத் தருமபுரி வழியே தூரம் குறைவு. தெற்கு ரயில்களை எல்லாம் அவ்வழியே விடாதது பாரபட்சம்.

தூரம் குறைவுதான், இடமும் குறைவு. அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கிடையே ஒரு வண்டிக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரு திசைக்கும் சேர்த்து மணிக்கு 4 வண்டிகள் என்பது காகிதக் கணக்கு, சிக்னல் வேலையும் சேர்ந்தால் 3 தேறினாலே பெரிது. ஜோலார்பேட்டை வழி இரட்டைப் பாதை.

அல்சூர் வாசகர்: இரவில் போக்குவரத்து குறைவல்லவா?

அங்கேதான் தவறுகிறீர்கள். எல்லோருக்கும் ஒன்பது மணிக்கு மேல் ஏறி விடியலில் இறங்க வேண்டும். தெற்கிலிருந்து வருபவர்களுக்கும் அதே ஆசை. இரு திசை வண்டிகளும் நடுவழியில் ஒரே வேளையில் எதிரெதிரே வந்து நிற்கும். சரக்கு வண்டிகளுக்கும் பாதைப் பராமரிப்புக்கும் கூட இரவில் நேரம் ஒதுக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: ஆர்.ஏ.சி. 11 கிடைக்குமா?

மடிவாளா வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

பொம்மனஹள்ளி வாசகர்: இரட்டைப் பாதை வந்தால் இந்த நிறுத்தமெல்லாம் ஒழியுமா?

எதிர்வண்டிக்காக நிற்பது ஒழியும். பின்னால் வரும் வேகமான வண்டிக்கு வழிவிட நிற்பது தொடரும். அப்போதும் இருட்டில் இறங்காதீர்கள்.